கிட் லென்ஸுக்கு அடுத்து எந்த லென்ஸ் வாங்குவது?

கேட்கப்பட்டது இதுதான்: கையில் இருப்பது சோனி ஏ6400, அதோடு வந்த 16-50, 55-210 மி.மீ. என்ற இரண்டு கிட் லென்ஸ்கள். அதிகம் எடுப்பது வீட்டுக்குள் குழந்தைகளை, பிறகு குடும்ப விசேஷங்கள், வெளியூர் போனால் கண்ணில் படுவது, எப்போதாவது ஒரு பறவை. இப்போதைக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். ஒருவர் 50 மி.மீ. எஃப்/1.8 என்கிறார், இன்னொருவர் எஃப்/2.8 ஜூம் என்கிறார், மூன்றாமவர் ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவுப் பெரிய சென்சார்) கேமராவுக்கான லென்ஸாகவே வாங்கிவிடு, பிற்காலத்தில் உதவும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 30 மி.மீ. எஃப்/1.4 வகை பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாமல் ஒரே குவியத்தூரம் (அந்த மி.மீ. எண்) கொண்ட லென்ஸ். மூன்று பேரில் யாரும் சொல்லாத ஒன்று என்பதால் காரணத்தையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கேமரா வேறு கம்பெனியாக இருந்தாலும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

லென்ஸ் வாங்கும் முன் எல்லோரும் பார்ப்பது விமர்சன வீடியோக்களை. பார்க்க வேண்டியது நீங்களே எடுத்துத் தூக்கிப் போட்ட படங்களை. நன்றாக வந்த படம் எதுவும் சொல்லித் தராது, அதற்கு இருக்கிற லென்ஸே போதுமாக இருந்திருக்கிறது. கெட்டுப்போன படங்களை வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பாருங்கள். லென்ஸ் மேல் பழி போடக்கூடிய காரணங்கள் நான்கே நான்கு: வெளிச்சம் போதவில்லை, தூரம் எட்டவில்லை, காட்சி அகலம் பிடிபடவில்லை, பொருளை நெருங்க முடியவில்லை. இந்த நான்கிலும் அடங்காமல் கெட்டுப்போன படத்தை எந்த லென்ஸும் காப்பாற்றாது.

லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்களில் எத்தனை படம் எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தோம் என்று பிரித்துப் பார்க்கலாம். பலரும் இதைச் செய்துவிட்டு, 50-இல்தான் நிறைய எடுத்திருக்கிறேன், அதனால் 50 வாங்குகிறேன் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஜூம் லென்ஸ் கையில் இருந்தால் யாராக இருந்தாலும் ஒன்று இந்தக் கோடிக்குத் திருப்புவார்கள், இல்லையென்றால் அந்தக் கோடிக்கு. எண்கள் 16-இலும் 50-இலும் குவிவது அந்தப் பழக்கத்தால்தான். 50-இல் எடுத்து அப்புறமும் பாதியாக வெட்டிய படங்கள் எத்தனை, 16-இல் எடுத்தும் யாரோ ஒருவரின் தோள் வெட்டுப்பட்ட படங்கள் எத்தனை என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அதே பட்டியலில் ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) ஷட்டர் வேகத்தையும் பார்ப்பது. வீட்டுக்குள் குழந்தைகளை எடுப்பவரின் பட்டியலில் பெரும்பாலும் கதை அங்கேதான் இருக்கும்: ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60, முகத்தில் இழுவல்.

அந்த இழுவலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ6400-இன் உடலுக்குள் நடுக்கத் தடுப்பு கிடையாது, 16-50 லென்ஸுக்குள் உண்டு. ஆனால் எங்கே இருந்தாலும் அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தைத்தான். குழந்தை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கே 1/250 வேண்டும், ஓடுகிற பிள்ளைக்கு 1/500. எனவே லென்ஸுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை: கேமரா மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குக் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், அதை 1/250-இல் வையுங்கள். இதைத் தொடாமல் விட்டால் கேமரா தன் பாட்டுக்கு 1/60 பக்கத்திலேயே நின்றுகொள்ளும். இதை மாற்றி, பிள்ளையைச் சன்னல் பக்கம் உட்கார வைத்ததும், புது லென்ஸ் வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி மாற்றிய பிறகு உங்களுக்குத் தெரியப்போவது ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கிறது என்பது. இங்கேதான் லென்ஸ் வருகிறது. எஃப் எண் என்பது குவியத்தூரத்தை, லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாசலின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. எஃப்/5.6 என்றால் வாசல் சுமார் 9 மி.மீ., 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் சுமார் 28 மி.மீ. விட்டம் மூன்று மடங்கு, பரப்பளவு ஏறக்குறைய பத்து மடங்கு. ஸ்டாப் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. 5.6-இலிருந்து 2.8-க்கு இரண்டு ஸ்டாப், 2.8-இலிருந்து 1.4-க்கு இன்னும் இரண்டு. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிக்கிறது. ஒரு அறையில் எஃப்/5.6, 1/250 என்று வைத்தால் ஐஎஸ்ஓ 6400 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் 1600 கேட்கும், எஃப்/1.4 லென்ஸ் 400 கேட்கும். உங்கள் கேமராவில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) 1600 என்பது பரவாயில்லை ரகம். 400 என்பது பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் போல இருக்கும். 6400-இல் இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, நீக்கப் போனால் முதலில் காணாமல் போவது பிள்ளையின் முகத்தில் இருக்கும் பூனைமுடியும் தோலின் நிறமும்தான்.

எஃப்/2.8 ஜூமைப் பற்றிப் பேசும்போது ஒன்றை யாரும் சொல்வதில்லை. உங்கள் 16-50 லென்ஸ், அகலக் கோடியில் ஏற்கனவே எஃப்/3.5. அங்கே 2.8-க்குப் போவதால் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், முக்கால் ஸ்டாப் கூட இல்லை. 50 கோடியில்தான் நான்கு மடங்கு முழுதாகக் கிடைக்கும். எனவே 16-லும் 20-லும் அதிகம் எடுப்பவர் 2.8 ஜூம் வாங்கினால் லென்ஸின் தரம் உயர்வதை உணர்வார், இருட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக உணரமாட்டார்.

சரி, வெளிச்சம்தான் குறை என்றால் ஏன் 50 மி.மீ. எஃப்/1.8 இல்லை? அந்த அறிவுரை ஃபிலிம் எஸ்எல்ஆர் காலத்திலிருந்து வருவது. 36க்கு 24 மி.மீ. ஃபிலிமில் 50 என்பது இயல்பான பார்வை. ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவருக்கு இன்றும் அது நல்ல அறிவுரைதான். ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே 50, ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. காட்டும் கோணத்தைத்தான் காட்டும். கேனானின் ஏபிஎஸ்-சியில் 80, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 100. மார்பளவு உருவப்படத்துக்கு அருமையான கோணம். வீட்டுக்குள் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 செ.மீ. உயரப் பிள்ளை நிற்கிறது. மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 140 செ.மீ. ஃபிரேமில் வர வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சென்சாரின் நீளப் பக்கம் 23.5 மி.மீ. 50 மி.மீ. லென்ஸுக்கு நீங்கள் சுமார் 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 30 மி.மீ. லென்ஸுக்கு 1.8 மீட்டர் போதும். 3 மீட்டர் என்பது பல அறைகளில் முதுகு சுவரில் ஒட்டிக்கொள்ளும் தூரம். நடுவில் நாற்காலி இருக்கும், இன்னொருவர் குறுக்கே நடப்பார். அதைவிட, 1.8 மீட்டரில் இருந்தால் பிள்ளையோடு பேசிக்கொண்டே எடுக்கலாம்.

முகம் பெரிதாகத் தெரியும், மூக்கு உப்பித் தெரியும் என்று 30-ஐப் பற்றிப் பயமுறுத்துவார்கள். முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் எண் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். ஒன்றரை மீட்டரில் நின்று 30-இல் எடுத்தாலும் 50-இல் எடுத்தாலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் ஒன்றே, சுற்றுப்புறம் எவ்வளவு சேர்ந்து வருகிறது என்பதுதான் மாறும். 30 மி.மீ. வைத்துக்கொண்டு முகம் நிறைய எடுக்க ஒரு முழத்துக்குள் நெருங்கினால் மட்டும் அந்தப் பிரச்சினை வரும். அதைச் செய்யாதீர்கள், வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சலில் வெட்டுவதற்கு நிறையவே இடம் இருக்கிறது.

எஃப்/1.4-க்கு ஒரு விலை உண்டு, அது ஃபோகஸ் ஆழம். 30 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டரில் எஃப்/1.4 வைத்தால் தெளிவாக இருக்கும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 14 செ.மீ. ஒரு முகத்துக்குத் தாராளம். 70 செ.மீ. தூரத்துக்கு நெருங்கினால் அதுவே 3 செ.மீ. ஆகிவிடும், கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துபோகும். முன்னும் பின்னுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால் எஃப்/2.8-க்கு வாருங்கள். ஏ6400-இல் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் நன்றாக வேலை செய்யும், அதை முழுக்கப் பயன்படுத்துங்கள். ஃபோகஸை நடுப்புள்ளியில் பூட்டிவிட்டு ஃபிரேமை நகர்த்தும் பழைய பழக்கம், இவ்வளவு மெல்லிய ஆழத்தில் அடிக்கடி தவறும்.

குறிப்பாக எந்த லென்ஸ் என்றால், சோனிக்கு இரண்டு பெயர்கள். சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 டிசி டிஎன், 2016-இல் வந்தது, இன்றும் பழசாகிவிடவில்லை. எடை 265 கிராம், நடுக்கத் தடுப்பு இல்லை. மற்றது சோனியின் சொந்த 35 மி.மீ. எஃப்/1.8 ஓஎஸ்எஸ். பெயரில் இருக்கும் ஓஎஸ்எஸ்தான் நடுக்கத் தடுப்பு, எடை 155 கிராமுக்குள். முக்கால் ஸ்டாப் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், பதிலுக்குக் கையில் பிடித்து வீடியோ எடுக்கும்போது படம் ஆடாமல் நிற்கும். வீடியோ உங்கள் பழக்கம் என்றால் சோனி, படம் மட்டும்தான் என்றால் சிக்மா. இந்த இடத்தில் எனக்கு வேறு தயக்கம் இல்லை. மற்ற கேமராக்காரர்கள் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது: ஃபியூஜியில் 35 மி.மீ. எஃப்/1.4 அல்லது எஃப்/2, நிக்கானின் சிறு சென்சார் கேமராக்களில் 24 மி.மீ. எஃப்/1.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. எஃப்/1.7 அல்லது எஃப்/1.8, கேனானின் ஏபிஎஸ்-சியில் ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8.

வாங்கும் முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இருக்கிற 16-50-ஐ 30-இல் வைத்து, ஒரு வாரம் ஜூமைத் தொடாமல் எடுங்கள். படம் இருட்டாக இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். நிற்கும் இடம் வாய்க்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் 50-இல் வைத்து அதையே செய்யுங்கள். என் கணக்கு உங்கள் வீட்டில் தவறிப்போனால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் ஜூமைத் தொடாமல் இருப்பதே முடியவில்லை என்று தெரிந்தால், எஃப்/2.8 ஜூம் சொன்ன நண்பர் சொன்னது சரி. விசேஷ வீட்டில் ஒரு நிமிடம் மேடை, அடுத்த நிமிடம் கூட்டம், நடுவில் லென்ஸ் மாற்ற நேரமில்லை என்ற சூழலில் பிரைம் லென்ஸ் கையைக் கட்டிப் போடும். சிக்மா 18-50 எஃப்/2.8 வெறும் 290 கிராம்தான், பிரைம் போலவே கேமராவோடு பொருந்தி உட்காரும். டாம்ரான் 17-70 எஃப்/2.8-இல் நடுக்கத் தடுப்பும் கூடுதல் நீளமும் உண்டு, ஆனால் 525 கிராம், ஏ6400 போன்ற சின்ன உடலில் முன்பக்கம் கனத்துத் தொங்கும். இரண்டில் எதை வாங்கினாலும் கிட் 16-50-க்கு இனி வேலை இருக்காது. பிரைம் வாங்கினால் அது வேலையில் தொடரும். ஒரே ஒரு லென்ஸ் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், நான் பிரைம் பக்கம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மூன்றாமவரின் ஃபுல் ஃபிரேம் யோசனை. எதிர்காலத்துக்காக லென்ஸ் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. 24-70 என்ற ஃபுல் ஃபிரேம் ஜூம் உங்கள் கேமராவில் 36-105 போல நடந்துகொள்ளும். இப்போது 16-இல் கிடைக்கும் அகலம் போய்விடும், எடை மட்டும் கூடும். வராத கேமராவுக்காக வந்த கேமராவைப் பட்டினி போடுவது அது. நாளை ஃபுல் ஃபிரேம் உடல் வாங்கினாலும் ஏபிஎஸ்-சி லென்ஸ் அதில் மாட்டும், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி 24 மெகாபிக்சல் உடலில் 10 மெகாபிக்சல் அளவுக்குப் படம் தரும், மாறிக்கொள்ளும் வரை அது போதும். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் மட்டும் இதற்கு விலக்கு. நீளமான லென்ஸில் அகலத்தை இழப்பது பற்றிக் கவலை இல்லை, அங்கே ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்குவதில் நஷ்டமில்லை.

பறவைக்கு வருவோம். 17 செ.மீ. நீளமுள்ள மீன்கொத்தி 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 210 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 3.6 மி.மீ. நீளத்துக்குக் காட்டும், ஃபிரேமின் ஏழில் ஒரு பங்கு. சோனியின் 70-350 லென்ஸ் 6 மி.மீ. காட்டும், அதாவது கால்வாசி. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அதே வித்தியாசம், மறைந்து உட்கார்ந்து 10 மீட்டரை 6 மீட்டராகக் குறைத்தாலும் கிடைக்கும். அந்தப் பொறுமை வந்துவிட்டது, எப்போதாவது என்பது வாராவாரம் என்று ஆகிவிட்டது என்றால் 625 கிராம் எடையுள்ள அந்த 70-350-ஐ அடுத்த சுற்றில் வாங்குங்கள். 200-600 என்று கண் போனால் அது 2 கிலோவுக்கு மேல், அதைத் தூக்க ஒரு தனி வாழ்க்கைமுறை வேண்டும். நிலவை எடுக்கத்தான் டெலி என்றால், சென்சாரில் விழும் நிலவின் அளவு குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் வருவது. 350-இல் வெறும் 3 மி.மீ.தான்.

அகலமும் நெருக்கமும் உங்கள் பட்டியலில் இல்லை, அதனால் சுருக்கமாக. 16-இல் இருப்பதே ஃபுல் ஃபிரேமின் 24-க்குச் சமம். அதற்கும் மேல் அகலம் தேவைப்படும் மலைக்காட்சிக்கு, நான்கைந்து படம் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பூவையும் பூச்சியையும் ஒருமுறை முயன்று பார்க்க மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டாம், லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போதும்.

பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டலாமே என்ற எண்ணம் வரும். எஸ்எல்ஆரில் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஏ6400 போன்ற மிரர்லெஸ் கேமராக்களில் இல்லாததால் மவுண்ட்டுக்கும் (லென்ஸ் மாட்டும் இடம்) சென்சாருக்கும் இடைவெளி குறைவு. சோனியில் 18 மி.மீ., நிக்கானின் பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ. அந்த வித்தியாசத்தில் ஒரு வளையத்தை வைத்தால் ஏறக்குறைய எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் உட்காரும். ஆனால் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 50 மி.மீ. லென்ஸ் பூவுக்கும் பாட்டிக்கும் சரி, ஓடும் பிள்ளைக்குச் சரிவராது. நிக்கான் இசட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, உடலிலிருந்து திருகி ஓடும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் ஆட்டோஃபோகஸ் செய்யாது. கேனானின் இஎஃப் லென்ஸ்கள் ஆர்எஃப் உடலில் கம்பெனி அடாப்டரோடு எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

ஒரு லென்ஸின் சோதனை அட்டவணைப் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி மூலையைப் பார்த்துக் கவலைப்படுபவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். குழந்தையின் முகம் மூலையில் இருப்பதில்லை. கோணல்களை மென்பொருளால் திருத்துவதும் மிரர்லெஸ் லென்ஸ்களில் இன்று சாதாரணம், அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

சிக்மா 30 பழைய சந்தையில் எளிதில் கிடைக்கும் லென்ஸ், செகண்ட் ஹேண்டாக வாங்கத் தயங்க வேண்டியதில்லை. டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் இருந்தால் தெரிய வாய்ப்பு அதிகம்.

புதிதோ பழசோ, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. கேமராவை டிரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் வாசலை) முழுக்கத் திறந்து, தூரத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தை முதலில் இடது மேல் மூலையில் வைத்து அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு அதே கட்டடத்தை மற்ற மூன்று மூலைகளிலும் வைத்து அதேபோல எடுங்கள். நான்கும் ஒரே அளவில் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அந்தப் பிரதியை வைத்துக்கொள்ளாமல் வேறொன்று கேட்டு வாங்குங்கள்.